கமிலா

மூன்றாம் மாடி, ஜன்னலில்லாத அறை.
அல் ஐன் வெயிலை
ஏசி சத்தத்தை வைத்துத்தான் அளப்பேன்.
நோயாளி யாரையும் பார்த்ததில்லை.
அவர்கள் போன பிறகு வரும் தாளைப் படித்து
நோய்க்கு எண் போடுவது என் வேலை.
காப்பீட்டுக்காரன் எண்ணைத்தான் படிப்பான்,
மேலிடமும் எண்ணைத்தான் கூட்டிப் பார்க்கும்.

லோகேந்திர மகர், முப்பத்தொரு வயது,
பேரீச்சந் தோப்பில் தண்ணீர் திறந்துவிடுகிறவர்.
மார்ச்சில் வந்தார், உடம்பெல்லாம் தடிப்பு.
தோல் பிரிவு. எல் ஐம்பது புள்ளி ஒன்பது.
மே மாதம் மூச்சு இரைந்தது.
நெஞ்சகப் பிரிவு. ஜே நாற்பத்தைந்து புள்ளி ஒன்பது.
இரண்டையும் போட்டது நான்தான்.

புள்ளி ஒன்பது என்றால் 'குறிப்பிடப்படாதது'.
தெரியாது என்பதற்கு
கோட்டு மாட்டிவிட்ட பெயர்.
நாளைக்கு நூறு தாள் முடித்தாக வேண்டும்.
ஒன்பதைப் போல் கைகொடுக்கும் எண் வேறில்லை.

ஜூலையில் தூக்கி வந்தார்கள்.
உதடு வீங்கி, ரத்த அழுத்தம் அறுபதுக்கு இறங்கி.
ஷைனி சிஸ்டர் யாரையும் கேட்காமல்
தொடையில் அட்ரினலின் ஏற்றியிருக்கிறாள்,
நான்கு ஐம்பத்திரண்டு என்று நேரம் எழுதி.
பிழைத்தார்.
டிஸ்சார்ஜ் தாளில் டாக்டர் ஹாதிம்:
வெயில். மயக்கம்.
அதற்கும் கீழே வேறொரு கையெழுத்து:
மனைவி பெயரைச் சொல்லிப் புலம்பினார்,
கமிலா, கமிலா.

ஆர் ஐம்பத்தைந்து என்று தட்டிவிட்டு
அடுத்த தாளுக்குப் போயிருப்பேன்.
முதல் பக்கத்தில் கண் பட்டுவிட்டது:
மணமாகாதவர்.

யாராயிருந்தால் எனக்கென்ன,
காதலிக்கு எண் கிடையாது.
ஆனாலும் மதியம் கேன்டீனில்
தட்டு கழுவும் தாவாவிடம் கேட்டேன்,
உங்கள் ஊரில் கமிலா என்று பெண்ணுக்குப் பெயர் வைப்பார்களா?
அவன் சிரித்தான்.
ஈர விரல்களை மேசைமேல்
குறுகுறுவென்று ஊர விட்டான்.

எறும்பு.

கட்டெறும்பு, சுள்ளெறும்பு, முசுறு,
கடிக்காததற்குப் பிள்ளையார் எறும்பு என்று
பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்த மொழியில்
பேசக் கற்றவள் நான்.
மார்ச் தாளை மறுபடி திறந்தேன்.
'உடன் வந்தவர்' கட்டத்தில்: கமிலா.

வாசல் காவலருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
சம்சும் என்றார். கறுப்பு. ஈர மண்ணில் கூடு.
கொடுக்கு உண்டு.
மாடியில் இத்தனை பேர் இருக்கிறீர்கள், தெரியாதா?

ஒரே எறும்பு
மூன்று பிரிவில் மூன்று ரேஷன் கார்டு வாங்கியிருக்கிறது.
புதுப் பதிப்பில் ஒவ்வாமைக்குத் தனி வீடே
கட்டியிருக்கிறார்களாம்.
எங்கள் கணினிக்குச் சாவி வரவில்லை.
இருப்பதை வைத்து எழுதினேன்:
டி அறுபத்துமூன்று, நஞ்சு. ஒப்புகிறீர்களா டாக்டர்?
ஒன்பது நாள் கழித்து ஒரு சொல் வந்தது, ஆம்.
மேலாளர் ருபீனா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்,
பணம் வந்துவிட்ட ஃபைலைக் கிளறாதே.

எண் இல்லாதது கணக்கில் வராது.
கணக்கில் வராததற்கு
மருந்தகம் ஊசி வாங்காது.
அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டிய ஊசி அது.

வேலை முடிந்தபின் பழைய ஒன்பதுகளைத்
திறந்து பார்க்கிறேன்.
புல் வெட்டும்போது, என்று ஒன்று.
குழாயடியில், என்று ஒன்று.
ஒன்றில் எவரோ பேனாவால்
ஆறு கால் வரைந்திருக்கிறார்கள்.
இதுவரை பதினேழு.
அதில் நான்கு தாள் என்னுடையது.

லோகேந்திரர் தோப்புக்குத் திரும்பிவிட்டார்.
அவருடைய கைபேசி எண் தாளிலேயே இருக்கிறது,
அந்த எண்ணை அழைக்க எனக்கு அனுமதியில்லை.
ஷைனிக்கு உண்டு.
இரவு முறைக்கு ஏழு மணிக்கு வருவாள்.

இப்போது ஆறு நாற்பது.